பழைய கூடமும் புதிய கூட்டமும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

புலவர்களும் பேராசிரியர்களும் நின்று பேசிய மேடை இது. நானோ புகைவண்டி நிலையத்தில் எழுத்தராகப் பணிபுரிபவன். பத்தாம் வகுப்புக்கு மேல் படிக்க வாய்ப்பில்லாதவன். "இவ்வாண்டு நீங்களும் பேச வேண்டும்" என்று செயலாளர் அவர்கள் கூறியபோது, குறளைப் பற்றியா, சிலம்பைப் பற்றியா என்று அஞ்சிக்கொண்டே கேட்டேன். "உங்களுக்குத் தெரிந்ததைப் பேசுங்கள்" என்றார். எனக்குத் தெரிந்தது நிலையம் ஒன்றுதான். ஆகவே, நிலையத்தைப் பற்றியே பேச வந்திருக்கிறேன். நான் கூறப்போவன எல்லாம் என் சொந்தக் கருத்துகளே அன்றி, இரயில்வேத் துறையின் கருத்துகள் அல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஒவ்வோர் ஆண்டும் மே மாத விடுமுறை முடிந்து ஊரிலிருந்து திரும்பியதும், நம் குடியிருப்பில் ஒரு பேச்சு எழும். "நிலையமா அது? நெரிசலில் உயிர் போய் உயிர் வந்தது. அந்தப் பழைய கட்டடத்தை இடித்துவிட்டு, விமான நிலையம்போலப் புதிதாகக் கட்டக்கூடாதா?" என்று ஒரு சாரார் கேட்பார்கள். "உலகமே வியக்கும் கட்டடம், அதில் ஒரு கல்லைக்கூடத் தொடலாகாது" என்று மற்றொரு சாரார் மறுப்பார்கள். இரு சாராரும் என்னிடம் வந்து, "நீங்கள் இரயில்வேக்காரர் ஆயிற்றே, நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்" என்பார்கள். தீர்ப்புச் சொல்ல நான் நீதிபதி அல்லேன். ஆனால் இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கவுண்டரின் உட்புறமிருந்து கூட்டத்தைப் பார்த்து வருகிறவன். அந்தப் பக்கத்திலிருந்து பார்க்கும்போது தெரிவது என்ன என்பதை மட்டும் உங்கள்முன் வைக்கிறேன்.

நாம் எல்லோரும் இன்னும் வி.டி. என்றே அழைக்கின்ற நிலையத்தை எடுத்துக்கொள்வோம். 1853-ஆம் ஆண்டு ஏப்ரல் 16-ஆம் நாள், இந்நாட்டின் முதற் பயணிகள் வண்டி அந்த இடத்திலிருந்துதான், அதாவது போரிபந்தரிலிருந்துதான், தாணாவுக்குப் புறப்பட்டது. பதினான்கு பெட்டிகள், நானூறு விருந்தினர். இன்று நாம் காணும் மாளிகையின் வேலை 1878-இல் தொடங்கியது. வரைந்தவர் பிரெடரிக் வில்லியம் ஸ்டீவன்ஸ் என்ற பொறியாளர். ஏறக்குறைய பதினாறு இலட்சம் ரூபாய்ச் செலவில், பத்தாண்டு உழைப்பில் அது எழுந்தது. அதன் தூண்களிலும் வளைவுகளிலும் காணும் மயிலும் குரங்கும் இலையும் பூவும், இந்நகரின் ஜே.ஜே. கலைப்பள்ளி மாணவர்களின் கைவண்ணம் கலந்தவை. 1887-இல் விக்டோரியா டெர்மினஸ் என்று பெயர் பெற்றது; 1996-இல் சத்ரபதி சிவாஜி டெர்மினஸ் ஆனது; 2017-இல் மகாராஜ் என்ற சொல்லும் சேர்ந்தது. 2004-இல் யுனெஸ்கோ அதனை உலக மரபுச் சின்னங்களுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டது.

கட்டடம் அப்படியே நின்றது, கூட்டம்தான் நிற்கவில்லை. 1925 பிப்ரவரி 3-ஆம் நாள் அங்கிருந்து குர்லாவுக்கு நாட்டின் முதல் மின்சார வண்டி ஓடியது. 1929-இல் நிலையம் விரிவாக்கப்பட்டது. இன்று 18 நடைமேடைகள் இருக்கின்றன: ஏழு புறநகர் வண்டிகளுக்கு, பதினொன்று நெடுந்தூர வண்டிகளுக்கு. நீராவி வண்டியும் குதிரை வண்டியும் இருந்த காலத்தில் அளந்து போட்ட இடத்திற்குள், இன்று நகரம் முழுவதும் நுழைந்து வெளியேறுகிறது. ஆகவே, "நெரிசல் இருக்கிறது, ஏதேனும் செய்தாக வேண்டும்" என்பதில் எவருக்கும் கருத்து வேற்றுமை இருக்க முடியாது. என்ன செய்வது என்பதில்தான் வழக்கு.

அன்பர்களே! நிலையத்தின் முன்கூடம் என்பது எதற்காக இருக்கிறது? நாம் அதைச் சற்றும் நினைத்துப் பார்ப்பதில்லை. அங்கே ஒரு கூட்டம் இருப்பதாக நினைக்கிறோம். உண்மையில் மூன்று கூட்டங்கள் இருக்கின்றன. முதலாவது, ஓடும் கூட்டம். காலையில் உள்ளூர் வண்டியில் வந்து இறங்கி அலுவலகம் செல்வோர் இவர்கள். இரண்டு நிமிடத்தில் கூடத்தைக் கடந்துவிடுவார்கள். கூரையில் என்ன இருக்கிறது என்று அண்ணாந்து பார்க்கவும் மாட்டார்கள். இரண்டாவது, காத்திருக்கும் கூட்டம். மூட்டை, பெட்டி, தண்ணீர்ப் பாத்திரம், குழந்தை குட்டிகளோடு மூன்று மணி நேரம் முன்னதாகவே வந்து தரையில் துண்டை விரித்து அமர்ந்திருப்பவர்கள். நாமெல்லாம் பெரும்பாலும் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர்கள். மூன்றாவது, தேடும் கூட்டம். எந்த நடைமேடை, எந்தப் பெட்டி, கழிப்பறை எங்கே, கவுண்டர் எங்கே என்று திசை தெரியாமல் நிற்பவர்கள். ஓடுகிறவன் வழியில் காத்திருப்பவன் அமர்ந்திருக்கிறான். இருவர் நடுவே தேடுகிறவன் திடீரென்று நின்றுவிடுகிறான். நெரிசல் என்று நாம் சொல்வது இந்த மூன்றும் ஒன்றோடொன்று மோதுவதைத்தான். கட்டடம் பழையதா புதியதா என்பது இதில் இரண்டாவது கேள்வி.

"விமான நிலையம்போல" என்கிறோம். விமான நிலையத்தில் பயணி மட்டுமே உள்ளே செல்லலாம். வழியனுப்ப வந்தவர் வாசலோடு நின்றுவிடுவார். மூட்டையை முதலிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். வருவோருக்கு ஒரு வழி, போவோருக்கு ஒரு வழி. நம் நெடுந்தூர வண்டியிலோ, ஒரு படுக்கைப் பெட்டியில் 72 அல்லது 80 படுக்கைகள். அப்படிப்பட்ட பெட்டிகள் பல சேர்ந்து ஒரே வண்டியில் ஆயிரம் பேருக்கு மேல் செல்கிறார்கள். மூட்டைகள் எல்லாம் அவரவர் தலையிலும் தோளிலும். வழியனுப்ப வருவோரைக் கேட்கவே வேண்டாம். ஆகவே, விமான நிலையத்தின் கண்ணாடிச் சுவரையும் பளபளக்கும் தரையையும் மட்டும் கொண்டுவந்து வைத்தால் அது நிலையமாகிவிடாது. அங்கிருந்து நாம் கற்க வேண்டியது ஒன்றே: வருவோரும் போவோரும் ஒரே வழியில் எதிரெதிரே மோதக்கூடாது என்பது. 2021-இல் போபாலில் திறக்கப்பட்ட ராணி கமலாபதி நிலையத்தில் அந்த முறையைத்தான் மேற்கொண்டார்கள். தண்டவாளங்களுக்கு மேலே காத்திருக்கும் கூடம். இறங்கி வெளியேறுவோர்க்குக் கீழே சுரங்கப்பாதை.

இவ்விடத்தில் என் வாழ்வில் நடந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இதுவரை எவரிடமும் நான் முழுமையாகச் சொன்னதில்லை.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், வேறொரு பெரிய சந்திப்பில் விசாரணைக் கவுண்டரில் அமர்ந்திருந்தேன். அந்நிலையத்தின் பெயர் இங்கே வேண்டாம். ஒருநாள் மாலை, தெற்கே செல்லும் வண்டி மூன்றாம் நடைமேடைக்கு வரவேண்டும். பலகையிலும் மூன்று என்றே இருந்தது. அந்நேரம் உள்ளே இரு ஊழியர்கள், "ஐந்துக்கு மாற்றினாலும் மாற்றுவார்கள்" என்று தமக்குள் பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது. சாளரத்தில் நின்ற ஒருவர், "வண்டி மூன்றில்தானே?" என்று கேட்டார். "ஐந்தாகவும் இருக்கலாம்" என்றேன். அவ்வளவுதான். உறுதி செய்துகொள்ளாமல், ஒரு வார்த்தை. அவர் திரும்பித் தம் குடும்பத்தாரை நோக்கி, "ஐந்தாம் நம்பராம்!" என்று குரல் கொடுத்தார். கூடத்தில் அமர்ந்திருந்தவர்கள் எழுந்தார்கள். ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுந்தார்கள். சிறிது நேரத்தில் நூற்றுக்கணக்கானோர் மேம்பாலப் படியை நோக்கி ஓடினார்கள். அதே நேரத்தில் உள்ளூர் வண்டி ஒன்றிலிருந்து இறங்கியவர்கள் அதே படியில் எதிரே இறங்கி வந்தார்கள்.

ஒரு மூதாட்டி விழுந்துவிட்டார். நல்லவேளையாக இருவர் அவரைத் தூக்கி ஓரமாக உட்கார வைத்தார்கள். நான் கவுண்டரை விட்டு ஓடினேன். மணிக்கட்டு வீங்கியிருந்தது. "வலிக்கிறதா அம்மா?" என்று தமிழில் கேட்டதும், அந்த வலியிலும் அவர் முகம் மலர்ந்தது. "நம்ம ஊர்ப் பிள்ளையா நீ?" என்றார். முன்னே ஓடிய மகனும் மருமகளும் பதறித் திரும்பி வந்தார்கள். மருத்துவரிடம் அழைத்துச் செல்வதற்குள் வண்டி போய்விட்டது. வண்டி ஐந்தில் வரவில்லை. முதலில் சொன்னபடி மூன்றில்தான் வந்தது. அவர்கள் தம் மூத்த தமக்கையின் பதினாறாம் நாள் காரியத்திற்குப் புறப்பட்டவர்கள். அதற்குப் போய்ச் சேர இயலவில்லை.

"படி ரொம்பக் குறுகல் அம்மா" என்று என் தவற்றை மறைத்துக்கொண்டு ஆறுதல் கூறினேன். அவர் சொன்னார்: "படி என்ன தம்பி செய்யும்? நாலு பேர் ஓடினாங்க, நானும் ஓடினேன். யாரோ தப்பாச் சொல்லிட்டாங்க."

அந்த யாரோ நான்தான். மேலதிகாரிகள் எவரும் என்னைக் கேட்கவில்லை. இன்றுவரை நான்தான் என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அன்று முதல், உறுதியாகத் தெரியாத ஒன்றைக் கவுண்டரில் நான் சொன்னதில்லை. முன்கூடம் என்பது கல்லாலும் சுண்ணாம்பாலும் மட்டும் கட்டப்பட்டதன்று, சொல்லாலும் கட்டப்பட்டது என்பதை அந்த அம்மையாரிடம்தான் கற்றேன்.

நான் கூறுவது மிகையன்று என்பதை இந்நாட்டு நிகழ்ச்சிகளே காட்டும். 2017 செப்டம்பர் 29-ஆம் நாள் காலை, நம் நகரத்தில் எல்பின்ஸ்டன் ரோடு, பரேல் நிலையங்களை இணைத்த மேம்பாலத்தில் நடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மழைக்கு ஒதுங்கி நின்றவர்கள் ஒருபுறம், வண்டியிலிருந்து இறங்கி வந்தவர்கள் மறுபுறம். 23 உயிர்கள் போயின. அங்கே இடிந்து விழுந்தது ஒன்றுமில்லை. படி குறுகலாக இருந்தது, அவ்வளவே. சில மாதங்களில் இராணுவத்தினர் புதிய பாலம் ஒன்றைக் கட்டி முடித்தார்கள். 2018 பிப்ரவரியில் அது திறக்கப்பட்டது. மாதக் கணக்கில் கட்டத்தக்க ஒரு பாலத்திற்காக, 23 குடும்பங்கள் விலை கொடுத்தன.

2025 பிப்ரவரி 15-ஆம் நாள் இரவு, கும்பமேளாவுக்குச் செல்லும் கூட்டம் பெருகியிருந்தபோது, புதுதில்லி நிலையத்தின் படியில் 18 பேர் இறந்தார்கள். படியில் ஒருவர் தலையிலிருந்த சுமை விழுந்ததில் மக்கள் இடறி விழுந்தனர் என்று பின்னர் நாடாளுமன்றத்தில் விளக்கம் தரப்பட்டது. புதுதில்லி நிலையத்தைப் புதுப்பிக்க 2022 செப்டம்பரிலேயே மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்துவிட்டது என்பதையும் இங்கே நினைவில் கொள்ளவேண்டும். பெரிய திட்டம் தாளில் இருந்தது. மக்கள் படியில் இருந்தார்கள். அந்நிகழ்ச்சிக்குப் பிறகுதான், நெரிசல் மிகுந்த 73 நிலையங்களில் கூட்டத்தை வெளியிலேயே நிறுத்திவைக்க நிலையான காத்திருப்பு இடங்களை அமைப்பதென்றும், அகன்ற மேம்பாலங்கள் கட்டுவதென்றும் 2025 மார்ச்சில் முடிவு செய்தார்கள்.

இதற்கு நேர்மாறான ஒன்றையும் சொல்கிறேன். 2008 நவம்பர் 26-ஆம் நாள் இரவு, வி.டி. நிலையத்தின் நெடுந்தூர வண்டிக் கூடத்தில் துப்பாக்கி ஏந்திய இருவர் நுழைந்தனர். காத்திருந்த ஏழை எளியோர் ஐம்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அப்போது அறிவிப்பு அறையில் இருந்த ஊழியர் ஒருவர், நடப்பதைக் கண்ணுற்று, ஒலிபெருக்கியின் வாயிலாக, "இந்தப் பக்கம் வராதீர்கள், பின்புறமாக வெளியேறுங்கள்" என்று திரும்பத் திரும்ப அறிவித்தார். குண்டு தம்மை நோக்கி வரக்கூடும் என்று தெரிந்தும் அவர் வாய் ஓயவில்லை. உள்ளூர் வண்டிகளில் வந்து இறங்கியவர்கள் அந்தக் குரலைக் கேட்டுத் திரும்பிச் சென்றார்கள். எத்தனையோ உயிர்கள் பிழைத்தன. அதே கூடம், அதே வாசல்கள். சரியான ஒரு சொல், சரியான நேரத்தில். அந்த ஊழியரை நினைக்கும்போதெல்லாம் பெருமையால் நெஞ்சு நிமிர்கிறது. கூடவே, நான் சொன்ன அந்த ஒற்றைச் சொல்லும் நினைவுக்கு வருகிறது.

அப்படியானால், கட்டடத்தில் ஒன்றும் செய்யவேண்டாம் என்று நான் சொல்கிறேனா? இல்லை. பழைமையின்மேல் பற்றுக்கொண்டவர்களிடமும் எனக்கு ஒரு குறை உண்டு. அவர்கள் கோபுரத்தைப் பார்க்கிறார்கள். அதன்கீழே ஒரு கர்ப்பிணிப் பெண் உட்கார இடமின்றித் தூணில் சாய்ந்து நிற்பதைப் பார்ப்பதில்லை. சக்கர நாற்காலியில் வரும் முதியவருக்குப் படி ஒரு மலை. பழைய கட்டடம் பார்ப்பதற்கு அழகு என்றால், அதில் காத்திருப்பதும் துன்பமில்லாமல் இருக்கவேண்டும் அல்லவா?

இடித்துவிட வேண்டும் என்பவர்களுக்கு, அயல்நாட்டிலிருந்து இரண்டு சான்றுகள் சொல்கிறேன். நியூயார்க் நகரில் பென்சில்வேனியா நிலையம் என்று ஒன்று இருந்தது. 1910-இல் திறக்கப்பட்டது, வானளாவிய கூடம். 1963-இல் தொடங்கி அதை இடித்தார்கள். நிலையத்தை நிலத்தின் கீழே, தாழ்ந்த கூரையின்கீழ் ஒடுக்கிவிட்டார்கள். பின்னர் அந்நகரத்தார் பல்லாண்டுக் காலம் அதற்காக வருந்தினார்கள். 2021-இல், எதிரேயிருந்த பழைய அஞ்சலகக் கட்டடத்தில் புதிய கூடம் ஒன்றைத் திறந்துதான் ஓரளவு மனம் ஆறினார்கள். இலண்டன் நகரில் கிங்ஸ் கிராஸ் நிலையம் 1852-இல் திறந்தது. அங்கே இடிக்கவில்லை. பழைய கட்டடத்தின் மேற்குப் பக்கத்தில் புதிய கூடம் ஒன்றை அமைத்து 2012-இல் திறந்தார்கள். இடைக்காலத்தில் முகப்பை மறைத்துக் கட்டியிருந்த ஒட்டுக் கூடத்தைத்தான் இடித்தார்கள். பழைய முகப்பு வெளிச்சத்துக்கு வந்தது. கூட்டத்துக்கும் இடம் கிடைத்தது. நம் சென்னை எழும்பூர் நிலையத்திலும், 1908-இல் திறந்த அந்தச் சிவப்புக் கட்டடத்தை வைத்துக்கொண்டே புதிய கட்டடங்களை எழுப்பும் திட்டத்தைத்தான் மேற்கொண்டிருக்கிறார்கள்.

வி.டி. நிலையத்திற்கும் 2022 செப்டம்பரில், புதுதில்லியோடும் அகமதாபாத்தோடும் சேர்த்து, ஒப்புதல் கிடைத்தது. மூன்றுக்கும் சேர்த்து ஏறக்குறைய 10,000 கோடி ரூபாய் என்று அறிவித்தார்கள். வி.டி.யின் வேலையை 2023-இல் ஏறக்குறைய 2,450 கோடி ரூபாய்க்கு ஒப்பந்தம் விட்டார்கள். மரபுக் கட்டடத்தை இடிக்காமல், தண்டவாளங்களுக்கு மேலே விரிந்த கூடம் ஒன்றை அமைத்து, வருவோரையும் போவோரையும் பிரிப்பது அதன் நோக்கம். இதை நான் வரவேற்கிறேன். ஸ்டீவன்ஸ் கட்டிய மாளிகை நிற்கட்டும். அதன்மேல் நாம் ஏற்றிவைத்த சுமையை மட்டும் இறக்குவோம். இதுவே என் கருத்து.

ஆனால் பெரிய வேலை முடியும்வரை சிறிய வேலைகள் காத்திருக்கக் கூடாது. 2024 மே 30-ஆம் நாள் நள்ளிரவு தொடங்கி, தாணா நிலையத்தில் 63 மணி நேரம் வண்டிப் போக்குவரத்தை நிறுத்தி, ஐந்தாம் நடைமேடையை இரண்டு மூன்று மீட்டர் அகலமாக்கினார்கள். முன்னரே வார்த்து வைத்திருந்த சிமெண்டுப் பெட்டிகளைக் கொண்டுவந்து அடுக்கி, தண்டவாளத்தை நகர்த்தி முடித்தார்கள். அதே நாட்களில் வி.டி.யிலும் 36 மணி நேரம் போக்குவரத்தை நிறுத்தி, பத்தாம் பதினோராம் நடைமேடைகளை 24 பெட்டி வண்டி நிற்கும்படி நீட்டும் வேலையைச் செய்தார்கள். தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் ரத்தாயின. "மூன்று நாள் அலைக்கழித்துவிட்டார்களே" என்று அன்று நம்மில் பலர் என்னைக் கடிந்துகொண்டது நினைவிருக்கிறது. தாணாவில் மாலை ஆறு மணிக்கு இறங்குபவரைக் கேட்டுப் பாருங்கள், அந்த இரண்டு மீட்டர் எவ்வளவு பெரியது என்பதை. கல்வெட்டில் பொறிக்கும் அளவுக்குப் பெரிய செயலன்று; ஆனால் விலா எலும்புகளுக்குத் தெரியும் அதன் அருமை.

இனி, புதிய கூடம் எழும்போது அதில் இருக்கவேண்டியவை என்று நான் விரும்பும் சிலவற்றைக் கூறி, என் உரையை நிறைவு செய்ய நினைக்கிறேன்.

முதலாவது, படி. கூடம் எவ்வளவு விரிந்தாலும், படி குறுகினால் பயன் இல்லை. பெரிய பானையில் சிறிய வாய் வைத்தாற்போல் ஆகிவிடும். ஏறுவோர்க்கு ஒன்று, இறங்குவோர்க்கு ஒன்று எனத் தனித்தனியே இருக்கவேண்டும்.

இரண்டாவது, சொல். கடைசி நேரத்தில் நடைமேடையை மாற்றாதிருப்பது முதல் நன்மை. மாற்றியே ஆகவேண்டுமெனில், போதிய நேரத்திற்கு முன்பே, தெளிவான குரலில் சொல்லவேண்டும். தெற்கே செல்லும் வண்டிகளுக்குத் தமிழிலும் தெலுங்கிலும் மலையாளத்திலும் கன்னடத்திலும் ஒருமுறை சொன்னால் குறைந்தா போவோம்? படிக்கத் தெரியாத நம் பாட்டிமார்க்குப் பலகை எதற்கு? குரல்தான் கண்.

மூன்றாவது, தரை. இதைச் சற்று விளக்கவேண்டும். என் தந்தையார் நெல்லைச் சீமையிலிருந்து இந்நகருக்கு வந்திறங்கிய இரவு, அவரை அழைத்துச் செல்ல வரவேண்டிய உறவினர் வரவில்லை. கையில் முகவரிச் சீட்டு. வாயில் தமிழ் ஒன்றே. வி.டி.யின் கூடத்தில் ஓர் ஓரமாகத் துண்டை விரித்துப் படுத்தார். எவரும் அவரை எழுப்பி விரட்டவில்லை. "அன்றிரவு அந்தத் தரைதான் எனக்குத் தாய்மடி" என்று அவர் பலமுறை கூறியிருக்கிறார். நம்மில் எத்தனை பேருடைய தந்தைமார் அப்படி வந்தவர்கள் என்பது இங்கிருக்கும் பெரியவர்களுக்குத் தெரியும். புதிய கூடத்தில் கடைகள் இருக்கட்டும், காப்பிக் கடை இருக்கட்டும். வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் காசு கொடுத்தால்தான் உட்காரலாம் என்ற நிலை வந்துவிடக் கூடாது. இரண்டாம் வகுப்புச் சீட்டு வைத்திருப்பவனும், நாளைக் காலை வண்டிக்கு இன்றிரவே வந்துவிட்டவனும், மானத்தோடு அமர்ந்திருக்க இடம் வேண்டும். அவனுக்கு இடமில்லாத கூடம் எவ்வளவு அழகாக இருந்தாலும், அது நிலையம் அன்று, அங்காடி.

நான்காவது, கட்டும் காலம். ஒரு நிலையத்தைப் புதுப்பிக்கும் ஆண்டுகளில்தான் அங்கே தடுப்பும் பள்ளமும் மாற்று வழியும் மிகுதி. அந்த ஆண்டுகளிலும் மக்கள் வந்துகொண்டுதான் இருப்பார்கள். மூட்டை தூக்கும் தொழிலாளர்களுக்கும் அந்தக் காலத்தில் பிழைப்பு இருக்கவேண்டும். வரப்போகும் கூடத்திற்காக இன்றைய பயணியை மறந்துவிடலாகாது.

இவை அரசினர் செய்யவேண்டியவை. நாம் செய்யவேண்டியவை இல்லையா? மன்னிக்கவேண்டும், நம்மவர் ஒருவர் ஊருக்குப் புறப்பட்டால், வழியனுப்ப எட்டுப் பேர் நடைமேடைக்குச் செல்கிறோம். அன்பு வேண்டியதுதான், அந்த அன்பை வீட்டு வாசலிலேயே காட்டிவிட்டால், கூடத்தில் எட்டுப் பேருக்கு இடம் மிஞ்சும். சுமையைக் குறைத்துக்கொள்ளலாம். புளியும் பருப்பும் இங்கேயும் கிடைக்கின்றன. நடைமேடை மாறியதாக எவரேனும் கூவினால், ஓடாமல், ஒரு நிமிடம் நின்று, அறிவிப்பைக் கேட்கலாம். வண்டி போய்விட்டால் மறுநாள் உண்டு. கைப்பிடித்து அழைத்து வந்த தாயாரை முதலில் படியேற்றிவிட்டுப் பிறகு பெட்டியைத் தூக்கலாம்.

நம் சங்க இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். வரும் மே மாதத்தில், ஊர் செல்லும் வண்டிகள் புறப்படும் மாலை வேளைகளில், நான்கைந்து பேர் முறைவைத்து வி.டி.யிலும் தாதரிலும் குர்லாவிலும், நிலைய அதிகாரிகளின் இசைவு பெற்று நிற்கமுடியுமா? மொழி தெரியாமல் தவிக்கும் நம் முதியோர்க்கு வழி காட்டினாலே போதும். சங்கம் வைத்துத் தமிழ் வளர்த்தார்கள் என்று பெருமை பேசுகிறோம். திசை தெரியாமல் நிற்கும் ஒரு மூதாட்டியின் காதில், "மூன்றாம் நடைமேடை, அம்மா, மெல்லப் போகலாம், நேரம் இருக்கிறது" என்று தமிழில் சொல்வதும் தமிழ்த் தொண்டே ஆகும். என் விடுமுறை நாட்களில் நானும் உங்களோடு நிற்பேன். எனக்கு அதில் தீர்க்கவேண்டிய கடன் ஒன்று இருக்கிறது. அது இன்னதென்று இப்போது உங்களுக்கும் தெரியும்.